ஜெபத்தில் விடுபட்ட வரி

எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற பக்கத்தில் என்னைப் போன்ற ஒருத்தி இடம்பிடித்து இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையோடு புத்தூர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் பெயர் கேட்டாலே பின்னால் ஒதுங்கிவிடுவேன். போன கிழமைகளில் போர்க்கால இடப்பெயர்வில் சமைத்துச் சாப்பிட்டதையும், தங்கச்சியோடு பள்ளிக்கூடம் போனதையும் எழுதினேன். அவை எல்லோருக்கும் பொதுவான கதைகள். இந்த முறை எழுதுவது எங்கள் வீட்டுக்குள் நடந்தது.

வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"என்ரை பேரைப் போடாதையும். மற்றதெல்லாம் நடந்ததுதானே," என்றார்.

அதனால் அவரை "இவர்" என்றே எழுதுகிறேன்.

ஏழு மணி

உடுவிலில் எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். இவருடைய அப்பாவின் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, பிறகு இவர் ஜெபம் செய்வார். மூன்று பிரம்புக் கதிரைகள். இவருடையது யன்னலோரம், மகளுடையது நடுவில், என்னுடையது குசினி வாசலோடு. அடுப்பில் ஏதாவது இருந்தால் மூக்கு அங்கே இருக்கும்.

அன்று மழை விட்டிருந்தது. விளக்கைச் சுற்றி ஈசல். இவர் வேலையால் வந்து குளித்து, சவர்க்கார வாசத்தோடு இருந்து, கண்ணை மூடி வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினார்.

அந்த ஜெபம் எனக்கு மனப்பாடம். உணவுக்காக நன்றி. சுகத்துக்காக நன்றி. மகளின் படிப்புக்காக நன்றி. என் கைக்குத் தந்த வேலைக்காக நன்றி. அதற்குப் பிறகுதான் நோயாளிகள், விதவைகள், ஊர், நாடு எல்லாம் வரும்.

மகளின் படிப்பு வரை வந்தார். மூச்சை உள்ளே இழுத்தார். அந்த மூச்சுக்குச் சொல் வரவில்லை. அதை மெல்ல வெளியே விட்டுவிட்டு நோயாளிகளுக்குப் போய்விட்டார்.

நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். இவருடைய கண் மூடியபடியே இருந்தது. ஈசல் ஒன்று இவருடைய முழங்காலில் சிறகு உதிர்த்துவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தது. தட்டிவிடவில்லை.

வேலையில் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

வாய் திறக்காதவள்

இவ்வளவு கூர்மையாக நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த ஜெபத்தில் ஆமெனைத் தவிர நான் வாய் திறந்ததே இல்லை. பேசாதவளுக்குக் கேட்பதைத் தவிர வேறு என்ன வேலை?

நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் வீட்டில் சாமி அறையில் விளக்கு ஏற்றி, திருநீறு பூசி, மனதுக்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வருவோம். அம்மா என்ன கேட்டார் என்று அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கேட்டது யாருக்கும் தெரியாது.

இவரை இடப்பெயர்வில் கண்டேன். தென்மராட்சியில் ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் இரண்டு குடும்பமும் தங்கியிருந்தது. சில வருடம் கழித்து நான் ஞானஸ்நானம் எடுத்துக் கலியாணம் முடித்தேன். அதற்காக அம்மா வெகு காலம் என்னோடு கதைக்கவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த முதல் மாலை, மனிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு மனதில் உள்ளதை எல்லாம் மற்றவர்கள் முன்னால் சத்தமாகச் சொல்வதைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது. பலர் முன்னால் உடுப்பு மாற்றுவது போல இருந்தது.

இவருடைய அக்கா, எங்கள் மச்சாள், அடிக்கடி சீண்டுவார்.

"உமக்கு ஆண்டவரோடை என்ன கோவமோ? இத்தினை வருசமாச்சு, ஒரு சொல்லுச் சொல்ல மாட்டீர்."

"அவ ஆமென் சொல்லுறா தானே, அக்கா. அது காணும்," என்று இவர் எனக்காகச் சொல்வார்.

கிணறுகள்

இவருடைய வேலையைச் சொல்ல வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு திட்டத்தில் இவர் வெளிக்களப் பணியாளர். மோட்டார்சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோப்பாய், புத்தூர் என்று ஊர் ஊராகப் போவார். கயிற்றில் போத்தலை இறக்கி, அதே கிணற்றுத் தண்ணீரால் முதலில் அலசி, பிறகு நிரப்பி, ஊரும் பெயரும் எழுதி ஒட்டி, ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார். நாங்கள் தோட்டத்துக்குப் போடுகிற உரமெல்லாம் நிலத்தடிக்கு இறங்கிவிடுகிறது என்பதால் அந்தத் திட்டம்.

நிரந்தர வேலை அல்ல. மூன்று மாத ஒப்பந்தம். முடிகிற நேரம் நீடிப்பு வரும். வரும் வரைக்கும் வருமா என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முதல் வேறு இரண்டு திட்டங்களில் இருந்தார். இரண்டும் ஒரு நாள் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன.

கிணற்றுக்காரர்கள் எல்லோரும் இவரிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "தம்பி, தண்ணி நல்லதோ?"

இவர் ஒரே பதில்தான் சொல்வார். "றிசல்ட் இன்னும் வரேல்லை, அம்மா. வந்த உடனை சொல்லுறன்."

போத்தலைத் தூக்கிப் பார்த்து ஒரு முகக்குறி கூடக் காட்ட மாட்டார். முன்பு ஒருமுறை, கூட வேலை செய்த ஒருவர் ஒரு வீட்டில் "கொஞ்சம் சந்தேகமாத்தான் கிடக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்த வீட்டு அம்மா அன்றைக்கே கிணற்றைத் தகரத்தால் மூடி, மேலே கல்லும் வைத்துவிட்டார். முடிவு நல்லதாக வந்தபிறகும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் குடம் கொண்டுபோய் நின்றாராம். அந்தத் தகரத்தை நினைத்து இவர் பல நாள் கவலைப்பட்டார்.

"முடிவு வராமல் ஒரு சொல்லும் வெளியிலை விடக்கூடாது," என்று எனக்குச் சொன்னார். அப்போது அது எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது.

வெங்காயம்

அந்த வரி விடுபட்ட மாலைக்குப் பிறகு நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தானாகச் சொல்வார் என்று இருந்தேன். ஒவ்வொரு மாலையும் மகளின் படிப்பு முடிந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். மூச்சு உள்ளே போகும். நோயாளிகள் வந்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம். ஒவ்வொரு போகமும் சின்ன வெங்காயம் நடுவேன். குசினிக் கூரையில் விதை வெங்காயம் பிடிபிடியாகக் கட்டித் தூக்கியிருந்தது. மழை விட்டதும் நிலத்தைக் கொத்த வேண்டும்.

"இஞ்சருங்கோ, நாளைக்கு ஆளைப் பிடிச்சுக் கொத்துவிப்பமோ?"

"பொறும்."

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "பொறும்" என்றார். பிறகும் கேட்டேன். சோற்றுக் கோப்பையில் கை வைத்துக்கொண்டு "பொறும் எண்டு சொன்னனான் தானே," என்றார்.

"நான் பொறுப்பன். வெங்காயம் பொறுக்குமே? முளை வெளிக்கிட்டிட்டுது."

"உமக்கு எல்லாம் அவசரம்."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பொறுமை. அதாலைதான் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறம்."

இவர் கையைக் கழுவிவிட்டு எழும்பினார். கத்திரிக்காய்க் குழம்பு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு இவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

கோபத்தில் கதைக்காமல் இருப்பது ஒன்று. இது வேறு. வாயைத் திறந்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். வெங்காயம் என்றால் வேலை. மோட்டார்சைக்கிளின் தேய்ந்த டயர் என்றாலும் வேலை. மகளின் ரியூஷன் என்றாலும் வேலை. கதைக்கக்கூடிய விஷயமே வீட்டில் மிஞ்சவில்லை.

மகள்தான் தூது.

"அப்பா, அம்மா கேக்கிறா, இடியப்பத்துக்குச் சொதியோ சம்பலோ எண்டு."

"எதெண்டாலும் சரியெண்டு சொல்லு."

"அம்மா, எதெண்டாலும் சரியாம்."

"அவருக்கு எப்பவும் எதெண்டாலும் சரிதானே எண்டு சொல்லு."

"நான் படிக்கப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் வாட்ஸப்பிலை கதையுங்கோ."

சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்தினாள். எங்கள் வீட்டில் கதவு சாத்துகிற பழக்கம் அதுவரை இருந்ததில்லை.

புதிதாக வந்த வரி

கதைக்காத நாள்களிலும் ஏழு மணிக்குக் கதிரைகளில் இருந்தோம். மனக்கசப்போடு ஜெபத்தில் இருக்கக் கூடாது என்று இவருடைய அப்பா சொல்வாராம். ஆனால் ஜெபத்தை நிறுத்தக் கூடாது என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே மனக்கசப்போடு இருந்தோம்.

ஒரு நாள் விதவைகளுக்குப் பிறகு ஒரு புது வரி வந்தது.

"தூர தேசங்களுக்குப் போய் உழைக்கிற தகப்பன்மாரையும், அவர்கள் விட்டுப்போகிற குடும்பங்களையும் நினைத்தருளும், ஆண்டவரே."

எங்கள் தெருவில் எத்தனையோ தகப்பன்மார் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். இத்தனை வருடம் இவருக்கு அவர்களின் நினைவு வரவில்லை. அடுத்த நாளும் அந்த வரி வந்தது. அதற்கடுத்த நாளும்.

சனிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தேன். வேலிப் பக்கம் நின்று இவர் போனில் கதைத்தது கேட்டது.

"ஓம் அண்ணை, பாஸ்போட் கைவசம் இருக்கு. ஓம், தண்ணிக் கொம்பனி எண்டால் எனக்குப் பழக்கந்தான். திங்கக்கிழமை காலமை கட்டாயம் சொல்லுறன்."

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் என்று விளங்கியது. உடுப்பை அலம்பி முடித்துப் பிழிந்து கொடியில் போட்டேன். இவருடைய நீலச் சேர்ட்டை இரண்டு தரம் அலம்பியிருந்தேன்.

புத்தூரில் என் தங்கச்சியின் புருஷன் இரண்டு வருடம் என்று சொல்லித்தான் வளைகுடாவுக்குப் போனார். இன்னும் திரும்பிவரவில்லை. அவர் குறையாகப் பணம் அனுப்பியதில்லை, நல்ல மனிதர். "போனைப் பிள்ளையின்ரை முகத்துக்கு நேரை பிடிச்சுப் பிடிச்சே என்ரை கை நோகுது, அக்கா," என்பாள் தங்கச்சி. பிள்ளைக்கு மீசை அரும்பிவிட்டது. போனில் தகப்பனுக்குப் பின்னால் தெரிகிற சுவரின் நிறம்தான் மாறுகிறது.

எங்கள் வீடும் அப்படித்தான் ஆகப் போகிறதா? திங்கள் காலை இவர் யாருக்கோ ஓம் என்று சொல்வார். எனக்கு அதை மகள் வந்து சொல்வாள்.

ஞாயிறு

ஞாயிறு காலை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனோம். பின்னேரம் மச்சாள் வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இவர் அவரோடு மழையைப் பற்றிக் கதைத்தார். நான் அவரோடு விலைவாசியைப் பற்றிக் கதைத்தேன்.

ஏழு மணி. பாட்டு, வேதம். இவர் ஜெபம் செய்தார். உணவு, சுகம், மகளின் படிப்பு. மூச்சு. நோயாளிகள், விதவைகள். தூர தேசத்துத் தகப்பன்மார். ஊர், நாடு.

முடிக்கிற இடத்துக்கு வந்தபோது என் வாயிலிருந்து சத்தம் வந்தது. நான் நினைத்துச் செய்யவில்லை.

"ஆண்டவரே."

இவர் நிறுத்திவிட்டார். மகள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஜெபத்துக்கு என்று ஒரு தமிழ் இருக்கிறது. நான் அதை அவ்வளவு காலம் கேட்டிருக்கிறேன். அந்த நேரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வீட்டில் கதைக்கிற தமிழ்தான் வந்தது.

"எனக்கு உங்களோடை இப்பிடிக் கதைச்சுப் பழக்கமில்லை. இவரின்ரை வேலை இருக்கோ இல்லையோ எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இவர் போகப் போறாரோ எண்டும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டுக்குள்ளை இருந்துகொண்டு, உங்களுக்குச் சொல்லுறதை ஒட்டுக்கேட்டுத்தான் நான் அறிய வேண்டிக்கிடக்கு. போறதெண்டால் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போகச் சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

பிறகு எப்படி முடிப்பது என்று தெரியாமல் இருந்தேன். குசினியில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது.

"அம்மா, ஆமென் சொல்ல வேணும்," என்றாள் மகள் மெதுவாக.

"ஆமென்," என்றேன்.

"ஆமென்," என்றாள் அவள்.

இவர் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மகள் எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினாள். திரும்பி வரவில்லை. அறைக்குள் போனாள். கதவைச் சாத்தாமல் விட்டிருந்தாள்.

"இதை நீர் என்னட்டையே கேட்டிருக்கலாமே," என்றார் இவர்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கென்று சொன்ன முதல் வார்த்தை.

"கேட்டனான். நீங்கள் பொறும் எண்டியள்."

"நீர் வெங்காயத்தை எல்லே கேட்டனீர்?"

"உங்கடை வேலையைக் கேக்கப் பயமாக் கிடந்தது. அதுதான் வெங்காயத்தைக் கேட்டனான்."

இவர் கையால் முகத்தைத் தடவினார். கிணற்றுக் கயிறு உராய்ந்து காய்த்த கை. தடவுகிறபோது சரசரவென்று கேட்கும்.

"நீடிப்பு வருமெண்டும் சொல்லினம் இல்லை, வராதெண்டும் சொல்லினம் இல்லை. ஒப்பந்தம் முடிஞ்சு போச்சு. வேலையை மட்டும் செய்யச் சொல்லினம், பிறகு பாப்பமாம். வேலை போயிட்டுதெண்டால் போயிட்டுதெண்டு உமக்குச் சொல்லியிருப்பன். இருக்கெண்டால் இருக்கெண்டு சொல்லியிருப்பன். இது ரெண்டும் இல்லை. ரெண்டும் இல்லாத ஒண்டை என்னெண்டு சொல்லுறது? இருக்கோ எண்டு தெரியாத வேலைக்கு ஆண்டவருக்கு நன்றி சொல்லவும் வாய் வரேல்லை."

"எனக்குக் கேட்டது."

"தெரியும். நீர் கண்ணைத் திறந்து பாத்தனீர்."

"உங்கடை கண் மூடியெல்லே கிடந்தது?"

"கதிரை சத்தம் போட்டது."

பிறகு தானாகவே சொன்னார். "றிசல்ட் வராமல் ஒண்டும் சொல்லக் கூடாதெண்டு எனக்குப் பழகிப்போச்சு. அரைகுறையாச் சொன்னால் நீரும் அந்த மனிசி மாதிரி எல்லாத்தையும் தகரம் போட்டு மூடிப்போடுவீர் எண்டு பயந்தனான்."

அந்தக் கிணற்றுக்கார அம்மாவின் நினைவு எனக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"கிணத்துக்காரருக்கு, றிசல்ட் இன்னும் வரேல்லை எண்டாவது சொல்லுவியள். எனக்கு அதைக்கூடச் சொல்லேல்லை."

இவர் என்னைப் பார்த்தார். பிரம்புக் கதிரையின் கையில் கழன்றிருந்த ஒரு நாரைத் திருப்பித் திருப்பிச் சுற்றினார். கண் கலங்கியிருந்தது. இடப்பெயர்வில் கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னும் வரேல்லையப்பா," என்றார்.

"சரி," என்றேன்.

அதற்குப் பிறகு ஏஜென்சிக்காரரைப் பற்றிச் சொன்னார். வேலை என்ன, இடம் எது, எத்தனை வருடம் என்று எல்லாம் சொன்னார். போக மனமில்லை என்றும் சொன்னார். போகாமல் விட்டால் பிறகு நான் குத்திக்காட்டுவேனோ என்ற பயமும் இருந்ததாம். வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம் என்று நான் சொன்ன சொல் உள்ளே கிடந்து அறுத்திருக்கிறது.

குத்திக்காட்ட மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. என் வாயை எனக்குத் தெரியும். "போங்கோ எண்டும் சொல்லேல்லை, நில்லுங்கோ எண்டும் சொல்லேல்லை. எதெண்டாலும் எனக்கு முன்னாலை நிண்டு போன் எடுங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

அடிப்பிடித்த பருப்பை மூன்று பேரும் சாப்பிட்டோம். சொதி போடட்டோ என்று நானே இவரிடம் கேட்டேன். எதெண்டாலும் சரி என்றார். அறைக்குள்ளிருந்து கோப்பையோடு வந்த மகள் சிரித்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை இவர் குசினிக்குள் நின்று, எனக்கும் கேட்கிற மாதிரிப் போனின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டு, ஏஜென்சிக்காரரிடம் தான் வரவில்லை என்று சொன்னார். பிறகு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு புத்தூர்ப் பக்கம் போனார். பின்னேரம் நிலத்தைக் கொத்த ஆள் வந்தது. நீடிப்பைப் பற்றிச் செய்தி ஒன்றும் வரவில்லை. மாலை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியதும் அதைத்தான் இவர் எனக்கு முதலில் சொன்னார்.